படங்கில் படுத்துப் பழகிய கதை

தூரத்துக் குறிக்குச் சுடுகிற விளையாட்டில் இறங்க என்ன துப்பாக்கி வாங்கலாம் என்று பண்டாரவளைப் பக்கத்துப் பையன்கள் சிலர் கேட்டார்கள். எதையும் வாங்காதீர்கள். நான் தொடங்கி இரண்டு வருடமாகிறது, இன்னும் என் பெயரில் ஒரு துப்பாக்கியும் கிடையாது. சொந்தமாக வைத்துக்கொள்வதென்றால் இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிச் சட்டப்படி உரிமம் எடுக்க வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கிளப்பில் சேர்ந்து கிளப் துப்பாக்கியில் பழகுவதுதான் நம் கைக்கு எட்டுகிற வழி.

அந்தச் சேர்க்கையே எனக்கு ஐந்து மாதம் இழுத்தது. பொலிஸ் அறிக்கையும் கிராம உத்தியோகத்தர் சான்றிதழும் கேட்டார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும், எங்களுக்கு வீட்டு இலக்கம் இல்லை, கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். படிவத்தில் தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் எழுதிக் கொடுத்தேன். "இது முகவரி இல்லையே" என்று இரண்டு தடவை திரும்பி வந்தது. ஆபீஸ் கிளாக்கர் ஐயாவிடம் கடிதம் வாங்கி இணைத்த பிறகுதான் மூன்றாம் தடவை எடுத்துக்கொண்டார்கள்.

அம்மாவைச் சமாளிப்பது அதைவிடக் கஷ்டம். "நமக்கு எதுக்குய்யா துப்பாக்கி? அடையாள அட்டையக் காட்டிக் காட்டியே எனக்குப் பாதி வயசு போயிருச்சு" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குக் கூட்டிப்போய், துப்பாக்கி எந்தப் பெட்டியில் பூட்டப்படுகிறது, யார் கையெழுத்துப் போட்டு எடுக்கிறார்கள் என்று காட்டினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் மூன்று மாதம் 10 மீட்டரில் காற்றுத் துப்பாக்கி மட்டும். அதன் குண்டு 4.5 மில்லிமீட்டர், குறியின் நடுப் புள்ளியோ அரை மில்லிமீட்டர். பயிற்சி கொடுத்தவர் ஓய்வுபெற்ற இராணுவக்காரர். நான் சேர் என்பேன், அவர் என்னை மல்லி என்பார், சிங்களத்தில் தம்பி. தமிழும் சிங்களமும் கலந்து அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "கையால திருப்பாத மல்லி, உடம்ப மாத்து."

இதன் பொருள் எனக்குப் புரியவே பல வாரம் ஆனது. குறி பார்த்துப் படுத்துக்கொண்டு கண்ணை மூட வேண்டும். இரண்டு மூச்சு விட்டுவிட்டுத் திறந்தால் குறி வேறெங்கோ நகர்ந்திருக்கும். கையால் இழுத்து நேராக்கினால் விசையை அழுத்தும் நேரத்தில் தசை பழைய இடத்துக்கே போகும். அதனால் இடுப்பையும் காலையும் கொஞ்சம் நகர்த்தி, கண்ணைத் திறக்கும்போது குறி தானாகவே நேரே நிற்கும்படி படுக்க வேண்டும். வீட்டில் இதைப் பழக நாலு கிலோ பலகை ஒன்றை வைத்துக்கொண்டேன். துப்பாக்கி மாதிரி செதுக்கவில்லை. யாராவது பார்த்துப் பயந்துவிட்டால் வீண் வம்பு. முழங்கை உரியாமல் இருக்க கொழுந்து பறிக்கும்போது அம்மா இடுப்பில் கட்டுகிற பழைய படங்கை மடித்துக் கீழே விரித்தேன். கொழுந்து வாசம் போகாத படங்கு.

அப்புறம் பாயிண்ட் 22 ரைபிள், 50 மீட்டர், பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, நிறையச் சுட்டேன், மெதுவாகத் தேறினேன்.

பதினான்காம் மாதம் தியத்தலாவையில் 300 மீட்டர் தளத்தில் ஒரு நாள் அனுமதி கிடைத்தது. சுட விடுவார்கள் என்று போனால், காலை முழுக்கக் குறிப்பலகைக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் வேலை. மேலே பலகையை ஏற்றுவது, இறக்குவது, ஓட்டையில் காகிதம் ஒட்டுவது. காது மூடியையும் மீறித் தலைக்கு மேல் 'டக்' என்று சாட்டை சொடுக்குகிற மாதிரி ஒரு சத்தம். அதற்கு அரை நொடி கழித்துத்தான் தூரத்திலிருந்து 'டும்' என்று வெடிச்சத்தம் வந்து சேர்ந்தது. ரவை சத்தத்தைவிட வேகமாகப் போகிறது என்று படித்திருக்கிறேன். அந்தப் பள்ளத்தில்தான் நம்பினேன்.

மத்தியானம் என் முறை. 7.62 மில்லிமீட்டர் ரைபிள். காற்றைக் காட்டுகிற கொடி என் பக்கத்தில் அசையவே இல்லை. நம்பி விசையை அழுத்தினேன். பள்ளத்திலிருந்து காட்டினார்கள்: வலது பக்கம், ஏழு புள்ளி வட்டம். கிட்டத்தட்ட ஒரு சாண் தள்ளி. "கொடியப் பாக்காத, நடுவுல மானாப்புல்லப் பாரு" என்றார் சேர். பார்த்தேன். ஹப்புத்தளைப் பக்கமிருந்து இறங்குகிற காற்றில் நடுப்பள்ளத்துப் புல் முழுக்கச் சாய்ந்து கிடந்தது. குறி பார்க்கிற சைட்டின் சக்கரத்தை ஒரு கிளிக் திருப்பினால் அந்தத் தூரத்தில் ரவை படுகிற இடம் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் நகரும். எட்டுக் கிளிக் திருப்பினேன். நான் திருப்பி முடிப்பதற்குள் காற்று ஓய்ந்துவிட்டது போல, அடுத்தது இடது பக்கம் ஏழு. பிறகு புல் ஒரே மாதிரி சாயும் வரை காத்திருந்து சுடப் பழகினேன். பத்து ரவைக்கு 78 புள்ளி.

குறித்தாளைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா விளக்குக்கு நேரே பிடித்து ஒவ்வோர் ஓட்டையாக விரலை வைத்துப் பார்த்தார்.

"இது ஏன் அங்குட்டுப் போச்சு?"

"காத்தும்மா."

"மலையில பொறந்துட்டுக் காத்தச் சொல்றியே" என்று தாளை என் கையில் கொடுத்துவிட்டு, படங்கை உதறப் போனார்.