தேக்கு வராத ஸ்டேஷன்

போன வாரம் புதுவயல் மில்லில் அரிசி எடுத்துக்கொண்டு திரும்பும்போது வண்டியை ஓரங்கட்டிவிட்டு எங்கள் ஊர் பழைய ரயில் ஹால்ட்டுக்குள் (சின்ன ஸ்டேஷன்) போனேன். உள்ளே என்று சொல்ல ஒன்றுமில்லை. டிக்கெட் கொடுத்த அறைக்குச் சுவர் மட்டும் மிச்சம், கருவேலம் ஜன்னல் வழியாகத் தலை நீட்டுகிறது.

செட்டிநாட்டு ஸ்டேஷன் என்றதும் வெளியூர்க்காரர்கள் செட்டியார் வீடுகளுக்குப் பர்மா தேக்கு வந்து இறங்கிய இடமா என்று கேட்கிறார்கள். அந்தப் பெருமை எங்களுக்குக் கிடையாது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு ஜனங்களிடம் செஸ் வரி வசூலித்துப் போட்ட லைன் மாயவரத்தில் தொடங்கி 1894-இல் முத்துப்பேட்டை, 1903-இல் அறந்தாங்கி என்று வந்து அங்கேயே நின்றுவிட்டது. காரைக்குடிக்கு 1930-இல் ரயில் வந்தது, ஆனால் புதுக்கோட்டைப் பக்கமிருந்து. நடுவில் கிடந்த எங்களுக்கு மாட்டுவண்டிதான். இரண்டையும் சேர்த்துத் தண்டவாளம் போட்டது சுதந்திரத்துக்கு அப்புறம். அதற்குள் 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைய, கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன செட்டியார்கள் போட்டது போட்டபடி திரும்பியாயிற்று. வீடெல்லாம் கட்டி முடித்து, சிலர் தூணையும் கதவையும் கழற்றி விற்கத் தொடங்கிய காலத்தில் வந்த ரயில் இது.

அதனால் இதில் ஏறியது எங்கள் அப்பத்தா மாதிரி ஆட்கள். கத்தரிக்காய்க் கூடையோடு காரைக்குடி சந்தைக்குப் போகும். ஹால்ட் என்பதால் ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஏஜென்ட்தான், அவரும் உள்ளூர்க்காரர். அட்டை டிக்கெட்டை நீட்டுவதற்கு முன்னால் கூடைக்கு ஒரு கை கொடுப்பார். "வண்டி கூவிருச்சு, வெரசா வா ஆத்தா" என்று அவர் போடும் சத்தம் கண்மாய்க்கரை வரை கேட்கும். பிளாட்பாரம் என்பது கொஞ்சம் மேடாக்கிய சரளை மண். ஏறுவதற்கு அப்பத்தா என் முதுகில்தான் கை ஊன்றும்.

2012-இல் அகலப்பாதை ஆக்கப்போகிறோம் என்று மீட்டர்கேஜ் வண்டியை நிறுத்தினார்கள். ஒரு மீட்டர் இடைவெளியை 1.676 மீட்டர் ஆக்குவதற்கு, காரைக்குடியிலிருந்து பட்டுக்கோட்டை வரை 73 கிலோமீட்டருக்கு, ஆறு வருஷம் ஆனது. ஆடு மேய்க்கிறவர்களுக்கு நல்ல வழி கிடைத்தது, அவ்வளவுதான். 2018-இல் புது லைன் வந்தபோது எங்கள் ஹால்ட் பட்டியலிலேயே இல்லை.

இதில் ஒரு கூத்து உண்டு. 2019-இல் திருவாரூர் வரை வண்டி விட்டபோது லெவல் கிராசிங் கேட்களுக்கு ஆள் போடவில்லை. கேட்கீப்பர்களே ரயிலில் வந்தார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும், முன்பக்கத்து ஆள் இறங்கிச் சாத்துவார், கடந்ததும் மறுபடி நிற்கும், பின்பக்கத்து ஆள் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல். ஆக, ஹால்ட்டில் நிற்காத வண்டி, ஹால்ட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் ஊர் கேட்டில் ஒவ்வொரு நடையும் இரண்டு தடவை நின்று போனது.

அப்பத்தா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் கூடையோடு கேட்டிலேயே ஏறியிருக்கும்.