டூவல் 1019-க்கு எண்ணெய் தேடி அலைந்த கதை

டூவல் 1019 வைத்திருப்பவர்களுக்கு அதன் நோய்கள் அத்துப்படி. 1965 வாக்கில் ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் பகுதியிலிருந்து வந்த ஆட்டோமேட்டிக் டர்ன்டேபிள், அதாவது இசைத்தட்டைச் சுழற்றிப் பாட வைக்கும் கருவி. சுழலும் தட்டு மட்டுமே மூன்று கிலோவுக்கு மேல். பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்தால் உள்ளே பூசிய கிரீஸ் இறுகிப்போகும். என்னுடையதில் பாட்டு முடிந்த பிறகும் ஊசிக்கை திரும்பாது, கடைசி வளையத்திலேயே கரகரத்துக்கொண்டிருக்கும். நிமிடத்துக்கு 33 சுற்று என்ற வேகத்தைப் பிடிக்கவும் நெடுநேரம் ஆகும்.

பழைய கிரீஸைக் கழுவி எண்ணெய் மாற்றினால் சரியாகிவிடும் என்பது தெரியும். நேரமில்லாததால் கோவையில் ஆடியோ பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் துரு நீக்கும் ஸ்ப்ரேயை மேலும் கீழும் பீய்ச்சியடித்து, "புதுசு மாதிரி ஆகிவிட்டது சார்" என்று கையில் கொடுத்தார். சில நாள் ஓடியது. பிறகு மோட்டார் கீச்சிட ஆரம்பித்தது, வேகமும் தள்ளாடியது. கூலியையும் வாங்கிக்கொண்டு புது வியாதியையும் சேர்த்தல்லவா அனுப்பியிருக்கிறார்!

மோட்டாரின் தண்டு சுழல்வது அதைத் தாங்கும் வளையமான, நுண்துளை கொண்ட வெண்கல புஷ்ஷில். அந்தத் துளைகளில் ஊறியிருக்கும் எண்ணெய்தான் அதன் உயிர். ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் அதையும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. போதாக்குறைக்கு, தட்டைச் சுழற்றும் ரப்பர் சக்கரத்தின் விளிம்பிலும் பட்டிருந்தது. அங்கே எண்ணெய்ப் பசை இருந்தால் வழுக்காமல் என்ன செய்யும்?

தேவை விஜி 68 டர்பைன் எண்ணெய். விஜி என்பது எண்ணெயின் தடிமனைச் சொல்லும் எண். என்ஜின் எண்ணெய்க் கணக்கில் எஸ்ஏஇ 20-க்குப் பக்கம் வரும். மில்கள் நிறைந்த ஊரில் இது கிடைக்காதா என்ற தெம்போடு கிளம்பினேன். கிடைக்கிறது, இருபது லிட்டர் வாளியில்! நூறு மில்லி போதும் என்றதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இன்னொரு கடையில் தையல் மெஷின் எண்ணெயை நீட்டினார்கள். சூடேறும் மோட்டாருக்கு அது மிகவும் மெல்லியது. பக்கத்து வீட்டுப் பெரியவர் தேங்காயெண்ணெயே போதும் என்றார். 24 டிகிரிக்குக் கீழே உறைகிற எண்ணெயை மார்கழிக் காலையில் இந்த ஊரில் எந்த மோட்டாரில் ஊற்றுவது? இணையத்திலோ 'டர்ன்டேபிள் ஸ்பெஷல்' என்று விரலளவு குப்பியில் ஏதோ ஒன்றை யானை விலைக்கு விற்கிறார்கள். விஜி எண் அச்சிடாத எதையும் வாங்காதீர்கள்.

கடைசியில் கைகொடுத்தவர் டேபிள் ஃபேன் சரிசெய்யும் வைண்டிங் கடை அண்ணன். டேபிள் ஃபேனிலும் இதே புஷ்தானே, ஒரு பார்வையிலேயே புரிந்துகொண்டார். "மேலே தடவினால் ஆகாது, புஷ் எண்ணெயைக் குடிக்க வேண்டும்" என்று சொல்லி, காலி இருமல் மருந்து பாட்டிலில் விஜி 68-ஐ ஊற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அவர் சொன்னபடியே செய்தேன். புஷ் இருக்கும் மூடியைத் தனியே கழற்றி, எண்ணெய்க் கிண்ணத்தில் மூழ்க வைத்து, கிண்ணத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்தில் இறக்கினேன். சூடு ஏற ஏற வெண்கலத்திலிருந்து ஊசிமுனை அளவுக் குமிழிகள் வரிசையாக மேலே வந்தன. உள்ளே எவ்வளவு காற்று, எவ்வளவு வறட்சி! குமிழி அடங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டு, எண்ணெயிலேயே ஆற விட வேண்டும். ஆறும்போதுதான் எண்ணெய் துளைக்குள் இழுபடும். அவசரப்பட்டுச் சூட்டோடு எடுத்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

பழைய கிரீஸை எடுப்பது வேறு ரகத் தொல்லை. கருப்பட்டிப் பாகு போல இறுகிக் கிடந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ், பல்குச்சி, நிறையப் பொறுமை. மண்ணெண்ணெய் வேண்டாம், பிசுக்கை விட்டுச் செல்லும். உரசும் உலோகப் பரப்புகளிலும் தட்டைத் தாங்கும் குண்டுகளிலும் லித்தியம் கிரீஸைப் பூச்சாகத் தடவினால் போதும். ஊசிக்கையைத் திருப்பிவிடும் அந்தச் சின்ன நெம்புகோலில் மட்டும் எதையும் தடவக் கூடாது. அது சுத்தமாக, உலர்ந்து இருந்தால்தான் வேலை செய்யும். ஊசிக்கையின் கீல்களும் அப்படியே. ரப்பர் விளிம்பையும் மோட்டார் கப்பியையும் கடைசியாக ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள்.

மீண்டும் பூட்டியதில் சிக்கல் இல்லை. கீச்சொலி போயிற்று, கை தானாகத் திரும்புகிறது.

ஒன்றுதான் பாக்கி இருந்தது. ஊசிக்கையைத் தூக்கி இறக்கும் நெம்புகோலை இறக்கினால் ஊசி மெல்ல இறங்காமல் தொப்பென்று விழுந்தது. அங்கே இருக்க வேண்டியது பாகைவிடக் கெட்டியான சிலிக்கான் எண்ணெய். எந்த ஆடியோ கடைக்காரரும் அதைக் கேள்விப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ரிமோட் பொம்மைக் கார்களின் டிஃபரன்ஷியல் பற்சக்கரங்களுக்கு அதே சரக்கைச் சின்னக் குப்பியில் விற்கிறார்கள். நான் போட்டது 5,00,000 சென்டிஸ்டோக் (தடிமனை அளக்கும் அலகு). ஊசிக்கையைத் தூக்கி இறக்கும் தண்டில் மெல்லிய படலமாகப் பூசினால் போதும். அதிகமானால் ஊசி இறங்குவதற்குள் பாட்டின் பல்லவியே முடிந்துவிடும்.