சொந்த வீடு இருந்தால்தான் நாய் தருவீர்களா?

நாய்க்குட்டியைத் தத்துக் கொடுப்பவர்கள் எதற்கு இத்தனை கேள்வி கேட்கிறார்கள் என்று சலித்துக்கொள்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கேட்கத்தான் வேண்டும். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து சாகக் கிடந்த குட்டிக்கு ராத்திரி பகலாக டிரிப்ஸ் ஏற்றி, நாலு பேரிடம் பணம் கேட்டு மருத்துவச் செலவைக் கட்டிப் பிழைக்க வைத்தவர்களுக்கு, வாங்கிப் போகிறவர் அதை மொட்டை மாடியில் கட்டிப்போட்டு மறந்துவிடுவாரோ என்ற பயம் இருக்கும்.

என் கோபம் வேறு. எங்கள் சித்தி பையன் சென்னையில் நண்பர்களோடு வாடகைக்கு இருக்கிறான். தத்துக் கொடுக்கும் ஒரு குழுவிடம் நாட்டு நாய்க்குட்டி கேட்டான். சொந்த வீடா, கல்யாணம் ஆகிவிட்டதா என்ற கேள்விகளோடு பேச்சு முடிந்துவிட்டது. அவன் ஊரில் நாய்களோடு வளர்ந்தவன், இப்போதும் அவன் தெருவில் ரேபிஸ் ஊசி போட வந்தால் நாய்களைப் பிடித்துக் கொடுப்பது அவன்தான், ஆனால் அதைச் சொல்ல அவர்கள் தந்த படிவத்தில் ஓர் இடம்கூட இல்லை.

வாடகை வீடு என்றால் தயங்குவதில் நியாயம் உண்டு. வீடு மாறுகிறோம், புது ஹவுஸ் ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வரும் நாய்கள் நிறைய. குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாய்க்குத் தடை போடக்கூடாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சொல்லிவிட்டது, ஆனால் அதை வைத்து ஹவுஸ் ஓனரிடம் எத்தனை பேர் வாதாட முடியும்? சரி, அப்படியானால் ஓனரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள், வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் நாயை எங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அதற்குப் பதிலாக வாடகைக்காரர் எல்லோரையும் வாசலிலேயே அனுப்பிவிட்டால் இந்த நகரத்தில் மிச்சம் யார்?

2007-ல் அமெரிக்காவில் இதே சண்டை பெரிதாக நடந்தது. தொலைக்காட்சி நட்சத்திரம் எலன் டிஜெனரஸ் தத்தெடுத்த இக்கி என்ற குட்டி அவர் வீட்டுப் பூனைகளோடு ஒத்துப்போகவில்லை. அவர் அதைத் தன் சிகையலங்காரக் கலைஞர் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். தத்து ஒப்பந்தத்தை மீறியதாகச் சொல்லி, குட்டியைத் தத்துக் கொடுத்த அமைப்பு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது, 14 வயதுக்குக் கீழே பிள்ளைகள் உள்ள வீட்டுக்குத் தருவதில்லை என்றும் சொன்னது. சொல்லாமல் கைமாற்றக் கூடாது என்ற விதி சரிதான், அதில் நான் அமைப்பின் பக்கம். ஆனால் அந்தப் பிள்ளைகளோடு குட்டி எப்படி இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுத்திருக்கலாமே.

கறாராக இருக்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. கருத்தடையில் துளியும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒரு பெட்டை நாய் சினையானால் சுமார் 63 நாளில் குட்டி போட்டுவிடும், அந்தக் குட்டிகள் மறுபடி அதே தெருவுக்குத்தான் வரும். வருடாவருடம் ரேபிஸ் ஊசி, பால்கனிக்கு வலை, புதிதாக வந்த நாயைச் சங்கிலி இல்லாமல் வெளியே விடாமல் இருப்பது, தீபாவளி வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடாமல் அறைக்குள் வைப்பது, இதையெல்லாம் விடாமல் கேளுங்கள். கொடுத்த பிறகும் போன் பண்ணிக் கேளுங்கள், நேரில் போய்ப் பாருங்கள். முன்னால் கேட்கும் கேள்விகளைவிட இந்தத் தொடர்பு நாயைக் காப்பாற்றும்.

சென்னையில் மட்டும் தெருநாய்கள் 1.8 லட்சம் அளவில் இருப்பதாக 2024 கணக்கெடுப்பு சொன்னது. வீடில்லாத நாய்கள் இத்தனை இருந்தும், தத்துக் கேட்டு மறுக்கப்பட்டவர் பெரும்பாலும் நாய் ஆசையை விட்டுவிடுவதில்லை, பணம் கொடுத்து வாங்கப் போகிறார். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் வளர்ப்பு, விற்பனை பற்றிய 2017 விதிகள் சொன்னாலும் தாயிடமிருந்து சீக்கிரமே பிரித்த குட்டியைக் கேள்வி கேட்காமல் கொடுக்க ஆள் இருக்கிறார்கள்.

சந்தேகம் இருக்கும் இடத்தில் முதலில் ஃபாஸ்டராக, அதாவது தற்காலிகமாக வளர்க்க, ஒரு மாதம் விட்டுப் பார்க்கலாம். அதன் பிறகும் தர மனமில்லை என்றால் காரணத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், பால்கனிக்கு வலை போட்டுவிட்டோ ஓனரிடம் கடிதம் வாங்கிக்கொண்டோ அவர் மறுபடி வரட்டும்.