தலைப்பு என்றால் பெரிய எழுத்து இல்லை
டெக்னிக்கல் ரைட்டிங் படிப்பில் இந்த செமஸ்டர் ட்ரீம்வீவர், அதாவது வலைப்பக்கம் உருவாக்கும் மென்பொருள். 1997இல் மேக்ரோமீடியா வெளியிட்டது, 2005இல் அடோபி கைக்குப் போனது. பழைய சரக்குதான், ஆனாலும் ஒரு பாதியில் நிரல், மறு பாதியில் பக்கம் என்று காட்டும் ஸ்பிளிட் வியூ ரொம்பப் பிடித்துவிட்டது.

எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் கண்ணுக்கு அது தலைப்பு. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்கோ வெறும் பத்தி. நிரலில் ஹெச்1, ஹெச்2 என்று தலைப்பு டேக் போட்டால்தான் பார்வையற்ற வாசகர் தலைப்புக்குத் தலைப்பு தாவிப் போக முடியும். கையேடு எழுதுகிறவருக்கு இது அலங்காரமே இல்லை, எழுத்து வேலைதான். படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் ஆல்ட் வாசகம் எழுதுவதும் அப்படித்தான்.

பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸா? சரி, அதை அப்புறம் பேசலாம். ஒரு பெட்டியை நடுவில் நிறுத்தவே மூச்சு வாங்குகிறது. அடுத்தது நிரல் எழுதும் மென்பொருளான விஎஸ் கோடாம், அதில் பக்கத்தைப் பார்த்தபடியே திருத்தும் டிசைன் வியூவும் கிடையாதாம்!