43 அங்குலத்தில் என் ஆபீஸ்

டிவியை மானிட்டராக வைத்துக்கொள்ளலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாக என்பேன். ஆனால் அந்த டிவி வீட்டில் எங்கே இருக்கிறது, ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் லேப்டாப் திரையில் முதலில் கோடு விழுந்தது, அப்புறம் முழுசாகவே கறுத்துவிட்டது. வேறு திரை வர நாளாகும் என்றார் கடைக்காரர். எனக்கோ வீட்டிலிருந்தே வேலை. ஹாலில் 43 அங்குல டிவி சும்மாதானே தொங்குகிறது (அம்மா காதில் இந்தச் ‘சும்மா’ விழக்கூடாது) என்று ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகினேன்.

படம் வந்தது, ஸ்டார்ட் பட்டனைத்தான் காணோம். டாஸ்க்பாரில் பாதி, விண்டோவை மூடும் பெருக்கல் குறியில் பாதி, எல்லாம் சட்டத்துக்கு வெளியே போயிருந்தன. ஓவர்ஸ்கேன் என்பார்கள். பிக்சர் டியூப் காலத்தில் படத்தின் ஓரம் ஒழுங்காக நிற்காது என்பதால், படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களை மறைத்துவிடுவார்கள். டியூப் ஒழிந்தும் பல டிவிகள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. படத்தின் அளவை மாற்றும் மெனுவில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்க்ரீன் ஃபிட்’ என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இதற்கு மருந்து இருக்கிறது.

அடுத்தது எழுத்து. எங்கள் டிவியில் 1920க்கு 1080 புள்ளிகள். 24 அங்குல மானிட்டரிலும் அதே எண்ணிக்கைதான், ஆனால் அங்கே அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளி, இங்கே 51. பக்கத்தில் உட்கார்ந்தால் ஒவ்வொரு எழுத்தும் புள்ளிக் கோலம். போதாததற்குச் சிவப்பு எழுத்துகள் கரைந்து வழிந்தன. வெளிச்சத்தைக் காட்டும் நுணுக்கத்தோடு நிறத்தைக் காட்டப் பல டிவிகள் மெனக்கெடுவதில்லை. சினிமாவுக்கு அது போதும், எக்செலுக்குப் போதாது. டிவி மெனுவில், கேபிள் செருகிய இன்புட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றினேன், பளிச்சென்று ஆகிவிட்டது. பெயரை மாற்றினால் குணம் மாறும் என்று நியூமராலஜிக்காரர்கள் சொல்வதை நான் நம்பிய ஒரே இடம் இதுதான்.

இதோடு முடிந்தது என்று நாற்காலியைத் தள்ளிப்போட்டு, எழுத்தையும் பெரிதாக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போது என் ஆபீஸ் மெயிலைச் சமையலறை வாசலில் நின்றே படிக்கலாம்.

முதல் வீடியோ மீட்டிங். மேனேஜர் முகம் சுவரளவு. அவர் தன்னைப் பார்த்துவிடுவார் என்று அம்மா டிவிக்கு முன்னால் குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்தபடி போனாள். ஆனால் கேமரா இருப்பது லேப்டாப்பில், அது இருப்பது பக்கத்து ஸ்டூலில். நான் டிவியைப் பார்த்துப் பேசியதால் டீம் முழுவதும் பார்த்தது என் இடது காதையும், அதற்குப் பின்னால் முருங்கைக்காய்க் கட்டோடு தவழ்ந்து போகும் அம்மாவையும்.

ஏழரை மணிக்கு சீரியல். “மீட்டிங்ல இருக்கேன்மா” என்றேன். “நீ பேசு, உன் வாயையா மூடினேன்?” என்று சேனலை மாற்றிவிட்டாள். சத்தத்தை மட்டும் குறைத்தது எனக்கான சலுகை. ஹெட்செட்டில் மேனேஜர் பேசுகிறார், திரையில் மாமியார் வாயசைக்கிறார். பல இடங்களில் பொருந்தியே வந்தது.

அப்பா கதை வேறு. கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதியே ரிட்டையர் ஆனவர். சாய்வு நாற்காலியில் பேப்பர் படிப்பதாக நடித்துக்கொண்டு என் ஷீட்டைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். “பதினாலாவது வரிசையில கூட்டல் உதைக்குதுப்பா” என்றார். ஃபார்முலாப்பா, தப்பாது என்றேன். பார்த்தால், எங்கள் டீமில் யாரோ ஃபார்முலாவை அழித்துவிட்டுக் கையால் ஒரு எண்ணைப் போட்டிருந்தார்கள். அதைச் சொன்னதற்கு மேனேஜர் என்னைப் பாராட்டி மெயில் அனுப்பினார். அதையும் அப்பாதான் முதலில் படித்தார்.

லேப்டாப் திரை வந்துவிட்டது. கேபிளைக் கழற்றப் போனால், “இரு, அந்த ரெண்டாவது ஷீட்டை இன்னும் பார்க்கலை” என்கிறார் அப்பா. அம்மா ரிமோட்டோடு அவர் பின்னால் நிற்கிறாள். மணி ஏழு இருபத்தெட்டு.