கரண்ட் வைத்தால் காது இரைச்சல் நிற்குமா?

காது இரைச்சலுக்குத் தலையில் கரண்ட் வைத்துப் பார்க்கிறோம் என்றால் எங்கள் பக்கம் முதலில் வரும் கேள்வி, "ஷாக் ட்ரீட்மென்டுங்களா மேடம்?" என்பதுதான். சினிமாவில் பார்த்தது வேறு, இது வேறு என்று புரியவைப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். நான் கோவையில் ஒரு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆடியோலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைப் பரிசோதிக்கிறவள். அங்கே நடந்த ஓர் ஆய்வில் நோயாளிகளின் தலையில் எலெக்ட்ரோடு கட்டும் வேலை கொஞ்ச காலம் என்னிடம் இருந்தது.

கரண்ட் என்றாலும் 2 மில்லிஆம்பியர்தான். பேட்டரியில் ஓடும் சின்ன மிஷின், உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகள். ஒன்று இடது காதுக்கு மேலே சற்றுப் பின்னால், இன்னொன்று வலது புருவத்துக்கு மேலே. 20 நிமிடம். ஆரம்பத்தில் அரிக்கும், அப்புறம் பழகிவிடும். எனக்கு இதில் பெரிய எதிரி தேங்காய் எண்ணெய். எண்ணெய்த் தலையில் கரண்ட் ஒழுங்காகப் பாயாது. மிஷின் கத்திக்கொண்டே இருக்கும். "சீயக்காய் போட்டுக் குளிச்சிட்டு, எண்ணெய் வைக்காம வாங்க" என்று போனில் சொல்லியிருந்தாலும், டாக்டரைப் பார்க்கப் போகிறோமே என்று படிய வாரி எண்ணெய் வைத்துத்தான் வருவார்கள். ஸ்பிரிட்டால் துடைத்து, முடியைப் பிரித்து, பஞ்சை அழுத்திக் கட்டுவதற்குள் உப்புத் தண்ணீர் சட்டைக் காலரில் இறங்கியிருக்கும்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் சோமனூர் பக்கத்து விசைத்தறிக்காரர். "உள்ளுக்குள்ள நூறு சில்வண்டு கத்துதுங்க. ராத்திரியானா தறியை விடப் பெருசா கேக்குதுங்க" என்றார். இரைச்சலின் அளவை ஒப்பிட்டுப் பார்க்கும் பரிசோதனை ஒன்று உண்டு. ஹெட்போனில் ஒலி கொடுத்து, "இதுதானா உங்கள் சத்தம்?" என்று கேட்டுக் கேட்டுப் பொருத்துவது. தறிச் சத்தத்தால் கேட்கும் திறன் எங்கே விழுந்திருந்ததோ, ஏறக்குறைய அதே உயர் அதிர்வெண்ணில் அவருடைய சத்தமும் வந்து பொருந்தியது. ஆனால் அளவு? அவர் காதுக்கு லேசாகக் கேட்கத் தொடங்கும் அளவுக்குச் சில டெசிபெல்தான் மேலே. பெரும்பாலானவர்களுக்கு இது 10 டெசிபெல்லைத் தாண்டாது. அந்தச் சின்ன ஒலிதான் மனிதரைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. 25 கேள்விகள் கொண்ட பாதிப்புப் படிவத்தில் "இதிலிருந்து தப்பவே முடியாது என்று தோன்றுகிறதா?" என்று ஒன்று வரும். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

இரைச்சல் மூளையில் எங்கோ தங்கிவிட்ட விஷயம் என்பது இந்தத் துறைக்குப் புதிதல்ல. கேட்கும் நரம்பையே வெட்டிய பிறகும் சத்தம் நிற்காமல் போனவர்கள் இருக்கிறார்கள். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் டிர்க் டி ரிடர் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர், ஒலியை உணரும் மூளையின் மேற்பகுதியிலேயே (கேட்கும் புறணி) எலெக்ட்ரோடு பதித்துப் பார்த்தார். முதலில் தலைக்கு வெளியிலிருந்தே காந்தத்தால் மூளையைத் தூண்டும் காந்தத் தூண்டல் கொடுத்துச் சோதித்து, அதில் இரைச்சல் குறைந்தவர்களுக்கு மட்டுமே அறுவை. 2011-இல் வெளிவந்த அவருடைய 43 பேர் பட்டியலில், அப்படிச் சலித்து எடுத்தவர்களிலேயே மூன்றில் ஒருவருக்குப் பலன் இல்லை.

எனக்கு இதைவிட சுவாரசியமாகப் பட்டது கலிபோர்னியாவில் நடந்தது. சான்ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டீவன் சியுங், பால் லார்சன் இருவரும் பார்க்கின்சன், கைநடுக்கம் போன்றவற்றுக்காக மூளையின் ஆழத்தில் எலெக்ட்ரோடு வைத்துக்கொண்டவர்களைக் கவனித்தார்கள். இரைச்சலும் இருந்த சிலருக்கு, எலெக்ட்ரோடு காடேட் என்ற பகுதியைத் தொட்டிருந்தால் சத்தம் அடங்கியது. கேட்கும் திறன் மாறவில்லை. 2010-இல் வந்த கட்டுரை. காடேட் கேட்பதற்கான இடமே இல்லை. எந்தச் சத்தத்தை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் வாசல் வேறெங்கோ இருக்கிறது என்றுதான் இதை நான் புரிந்துகொண்டேன்.

எங்கள் மிஷினுக்கு அவ்வளவு ஆழம் எட்டாது. அதோடு, பலன் நிஜம்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சிலருக்குக் கொடுக்கும் போலிச் சிகிச்சை என்ற சிக்கலும் உண்டு. ஒரு எண்ணைத் தட்டினால், நிஜமாகக் கரண்ட் கொடுப்பதா, தொடக்கத்தில் லேசாக அரிக்கவைத்துவிட்டு நிறுத்திவிடுவதா என்பதை மிஷினே பார்த்துக்கொள்ளும். எனக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. கடைசியில் எந்த எண் நிஜம், எது போலி என்று பிரித்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் தேறியவர்கள் இருந்தார்கள். உலக நிலவரமும் கிட்டத்தட்ட இதுதான். காந்தத் தூண்டலுக்கு அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 2015-இல் நல்ல முடிவு வந்தது: நிஜச் சிகிச்சையில் 56 சதவீதம் பேருக்குப் பலன், போலியில் 22. இரண்டு வருடம் கழித்து ஜெர்மனியில் பல மையங்கள் சேர்ந்து செய்த சோதனையில் போலியை விட அது மேலாக இல்லை. அந்த 22 சதவீதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. வேறெங்கும் ஐந்து நிமிடம்கூட யாரும் காது கொடுக்காதவர்களிடம், எங்கள் அறையில் தினமும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து "நேத்து தூங்கினீங்களா?" என்று கேட்டார். அதுவும் கணக்கில் சேரும்.

தறிக்காரரின் பாதிப்புப் புள்ளிகளும் நன்றாகவே இறங்கின. மறுபடி ஹெட்போனில் பொருத்திப் பார்த்தால் அதே அதிர்வெண், அதே டெசிபெல். "சத்தம் அப்படியேதானுங்க இருக்குது. அது பாட்டுக்குக் கத்தட்டும்னு விட்டுட்டேன்" என்றார்.

இப்போது யூடியூப் பார்த்துவிட்டு, இத்தனை சிட்டிங் இவ்வளவு ரூபாய் என்று பேக்கேஜ் விலையோடு வருகிறவர்கள் அதிகம். ஆய்வுக்காகச் செய்வது சரி, காசு வாங்கி விற்கிற நிலைக்கு இது இன்னும் வரவில்லை என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். முதலில் ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் பரிசோதனை, காது மந்தமாக இருந்தால் காது மிஷின், பிறகு மனநல ஆலோசனை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2014 வழிகாட்டுதலும் இந்த வரிசைக்குத்தான் ஆதரவு. காந்தத் தூண்டலை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது.

தறிக்காரர் இன்னும் அதே தறிக் குடோனில்தான் வேலை செய்கிறார். காதில் வைக்கும் பஞ்சு போதாது, ஃபோம் அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு ஜோடி கொடுத்தேன். "நூல் அறுந்தா சத்தம் மாறுறதுலதானுங்க தெரியும். ஒரு காதுக்கு மட்டும் வெச்சுக்கட்டுங்களா?" என்கிறார். இரண்டுக்கும் வையுங்கள் என்று நானும், ஒன்று போதும் என்று அவரும், ஒவ்வொரு தடவையும் பேசிக்கொண்டிருக்கிறோம்.