கச்சேரிக்குப் போகும் காது

ஜனவரி 19, ஞாயிறு

காலை பத்து மணி. காதுக்குள் இன்னும் ‘ஙொய்’ என்ற சத்தம் ஓயவில்லை. நேற்று ராத்திரி மைதானத்தில் நடந்த சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கு அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஸ்பீக்கர் அடுக்குக்கு நேர் எதிரே இடம். டிரம்ஸ் அடி விழும்போதெல்லாம் மடியில் இருந்த தண்ணீர் பாட்டில் நடுங்கியது. திரும்பும்போது ஆட்டோக்காரர் எந்தத் தெரு என்று மூன்று முறை கேட்ட பிறகுதான் என் காதில் விழுந்தது. “சித்தி, எனக்கும் காது அடைச்ச மாதிரி இருக்கு” என்றாள் அவள். பதினான்கு வயசு. அதை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை.

ஜனவரி 20, திங்கள்

இரைச்சல் அடங்கிவிட்டது. இருந்தாலும் இரண்டு பேரும் காது டாக்டரிடம் போய் வந்தோம். உள்காதில் நத்தைக்கூடு மாதிரி சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் இருக்கின்றன. பெரிய சத்தத்தில் அவை துவண்டுபோகும். ஓய்வு கொடுத்தால் தேறலாம். ஆனால் செத்தது செத்ததுதான். பறவைகளுக்கு அது மறுபடி முளைக்குமாம், மனிதர்களுக்கு முளைக்காது.

அப்புறம் ஒரு கணக்கு சொன்னார். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி. இப்படியே போனால் 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். நாங்கள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

ஜனவரி 23, வியாழன்

மருந்துக் கடையில் காதில் வைக்கும் மஞ்சள் ஃபோம் அடைப்பான் வாங்கினேன். உறையில் என்ஆர்ஆர் 29 என்று போட்டிருந்தது, அதாவது எத்தனை டெசிபல் சத்தத்தைக் குறைக்கும் என்ற எண். அது ஆய்வுக்கூடத்துக் கணக்கு. நாம் ஏனோதானோ என்று வைத்தால் அதில் பாதி கிடைப்பதே பெரிது.

முதல் தடவை அப்படியே திணித்தேன், பாதி வெளியே நின்றது. சரியான முறை வேறு. விரல்களுக்கு நடுவே வைத்துத் திரிபோல மெல்லிசாக உருட்ட வேண்டும். வலது காதுக்கு என்றால் இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும். அப்போதுதான் துளை நேராகும். உள்ளே விட்டு, அது உப்பி நிறையும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். கடைசியில் இரண்டு உள்ளங்கைகளாலும் காதைப் பொத்திப் பார்க்கலாம். சத்தம் இன்னும் நன்றாகக் குறைந்தால் அடைப்பான் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். காதில் பஞ்சு வைத்துக்கொள்வதில் பிரயோஜனமே இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு

தோழியின் இசைக்குழு ஒத்திகைக்கு ஃபோமோடு போனேன். பாதுகாப்பு கெட்டி, பாட்டுதான் செத்துப்போயிற்று. ஃபோம் மேல் ஸ்தாயி ஒலிகளை அதிகமாகத் தின்றுவிடுகிறது. சிம்பல் மங்கி, பாடகரின் சொற்கள் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தன. பேசுவதற்காகவும் கேட்பதற்காகவும் நாலு தடவை கழற்றினேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டதும் திக்கென்றது. 100 டெசிபல் கச்சேரியில் 15 டெசிபல் குறைத்தால் 85. மூன்று மணி நேரத்தைத் தாராளமாகத் தாங்கலாம். ஆனால் நடுவில் மொத்தமாகக் கால் மணி நேரம் கழற்றி வைத்தாலே அன்றைய பங்கு முழுவதும் அதிலேயே தீர்ந்துவிடும். ஆக, உறையில் பெரிய எண் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, கடைசிப் பாட்டு வரை கழற்றத் தோன்றாத அடைப்பானா என்று பார்ப்பதுதான் முக்கியம்.

ஜனவரி 30, வியாழன்

இசைக்கென்றே வரும் ஃபில்டர் அடைப்பானை இரண்டு ஜோடி வாங்கிவிட்டேன். சிலிகான் நுனி, நடுவில் சின்னக் குழாய். நம் காதுத் துளைக்கு இயல்பாகவே 2,700 ஹெர்ட்ஸ் அருகில் ஒலியைக் கூட்டும் தன்மை உண்டு. அடைத்ததும் அது போய்விடும், மேல் ஒலிகள் மங்கும். அந்த இழப்பை ஈடுகட்டும்படி ஃபில்டரை அமைத்து, எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய ஒரே அளவாகக் குறைக்கிறார்கள். 1980களின் கடைசியில் எடிமோட்டிக் நிறுவனம் கொண்டுவந்த வழி இது. என்ஆர்ஆர் 12, 13 என்று சின்ன எண்தான் போட்டிருக்கும். அதைப் பார்த்து ஒதுக்கிவிடக் கூடாது. நுனி மூன்று அளவுகளில் வந்தது. எனக்கே வலது காதுக்கு நடு அளவு, இடது காதுக்குச் சின்னது.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

முருகன் கோயிலில் நாதஸ்வரம், தவில். மண்டபத்துக்குள் நாலடி தூரத்தில் நின்றோம். தவிலின் வலது பக்கமான வலந்தலையில், விரல்களில் மாட்டிய கூடுகள் விழுந்த ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. நாதஸ்வரத்தின் குழைவும் அப்படியே. யாரோ சத்தத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்த மாதிரி. ஒரு மணி நேரமும் நான் கழற்றவே இல்லை.

தவில்காரருக்கு நாற்பது வயசு இருக்கும். வருஷம் பூராவும் நாதஸ்வரத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறவர். இவரைப் போன்றவர்களுக்கு ஆடியாலஜிஸ்ட் என்கிற செவித்திறன் நிபுணர் காதில் அச்சு எடுத்துச் செய்து தரும் அடைப்பான்தான் சரிப்படும். வாசிப்பு முடிந்ததும் அவரிடம் போய்ச் சொன்னேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தாளம் கேக்குமாம்மா?” என்று கேட்டார். அக்கா மகள் முந்திக்கொண்டு தன் காது மடலை மேலே இழுத்து, எப்படி வைப்பதென்று அவருக்குக் காட்ட ஆரம்பித்தாள்.